பரிசளிப்பு விழாவுக்கு மறுநாள்

ஆண்டுதோறும் உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளிவரும் வாரத்தில் யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகளில் ஒரு செய்தியை நாம் எதிர்பார்த்திருக்கலாம். பார்வையற்ற மாணவர் ஒருவர், அல்லது சக்கர நாற்காலியில் அமர்ந்தே படித்த மாணவி ஒருவர், சிறந்த பெறுபேறு பெற்றிருப்பார். தலைப்பிலே 'சாதனை' என்ற சொல் நிற்கும். கீழே தாயின் கண்ணீர், ஆசிரியரின் தியாகம், மாணவரின் விடாமுயற்சி ஆகியவை இந்த வரிசையிலேயே வந்து சேரும். அடுத்த மாதம் ஒரு பொது மண்டபத்திற் கௌரவிப்பு நிகழும், பொன்னாடை போர்த்தப்படும், பேச்சாளர் நால்வர் பேசுவர். அதற்குப் பிறகு அந்த மாணவரைப் பற்றி எந்தப் பத்திரிகையும் எழுதுவதில்லை.

இதனைச் செய்தி என்று சொல்வதைவிட ஓர் இலக்கிய வகை என்று சொல்வதே பொருத்தமாகும். இதற்கென ஒரு கட்டமைப்பு உண்டு. தொடக்கம், இடையூறு, வெற்றி என்னும் வரையறை உண்டு. வாசகரிடத்து எழுப்ப வேண்டிய உணர்ச்சியும் முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டிருக்கிறது. சிறுகதைக்குரிய உச்சத்தில் இது முடிகிறது. ஆனால் ஒரு மனித வாழ்வு, நாவலைப் போல, அந்த உச்சத்துக்குப் பின்னர்தான் விரியத் தொடங்குகிறது. பரிசளிப்பு விழாவுக்கு மறுநாட் காலையில் அந்த இளைஞர் எழுந்து எங்கே போகிறார்? இக்கேள்வியைக் கேளாதிருப்பதே இவ்வகை எழுத்தின் முதல் விதி. ஆகவே இதனை ஓர் எழுத்து வகையாகக் கொண்டு விமர்சிக்க வேண்டியிருக்கிறது.

நாம் குற்றமற்றவராக நின்று இதைக் கூறவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் பண்டத்தரிப்பிலே இத்தகைய கௌரவிப்பு ஒன்று நடந்தது. பார்வையற்ற இளைஞர் ஒருவர் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகியிருந்தார். அன்று வாசிக்கப்பட்ட வாழ்த்துரையை எழுதியவர்களுள் நாமும் அடங்குவோம். 'இருளை வென்ற ஒளி' என்ற தொடர் அதில் மூன்றிடத்தில் வந்தது. அவர் பட்டம் பெற்று ஊர் திரும்பியபோது விழா இல்லை. அவரைக் காணச் சென்றோம். வீட்டு விறாந்தையிலே கதிரையில் அமர்ந்து வானொலி கேட்டுக்கொண்டிருந்தார். "சந்திக்குப் போய் வருகிறீர்களா?" என்று வினவினோம். "எனக்கு வழி தெரியாது" என்றார்.

அந்த விடை நம்மைத் திடுக்கிட வைத்தது. பண்டத்தரிப்பிற் பிறந்தவருக்குப் பண்டத்தரிப்புச் சந்தி தெரியாது. காரணம் எளியது. ஆறாம் வயதில் அவரை ஊருக்கு வெகுதொலைவிலிருந்த விடுதி ஒன்றிற் சேர்த்தனர். விடுமுறைக்கு மட்டுமே வந்து போனார். வந்த நாட்களிலும் தாயார் படலைக்கு வெளியே தனியே விடவில்லை. விடுதியின் ஒவ்வொரு படியும் அவர் காலுக்குத் தெரியும். பல்கலைக்கழகத்தில் நண்பர் கைபிடித்து அழைத்துச் சென்றனர். பதினேழு ஆண்டுக் கல்வியில் வரலாறும் தமிழும் இந்து நாகரிகமும் கற்றவருக்கு, தன் வீட்டிலிருந்து தேநீர்க்கடை வரை வெள்ளைப் பிரம்பின் துணையோடு தனியே நடக்க எவரும் கற்பிக்கவில்லை. அவருக்கு ஊர் தெரியாது. ஊருக்கும் அவரைத் தெரியாது. தாயார் சொன்னது ஒன்றே: "நான் இருக்குமட்டும் பாப்பன் மாஸ்ரர். அதுக்குப் பிறகு ஆர்?"

இந்தக் குறையை எந்த ஒரு நிறுவனத்தின் தலையிலும் சுமத்துவது நேர்மையன்று. வசதியற்ற காலத்திலும் போர்க் காலத்திலும் இப்பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவர்கள் நன்றிக்குரியவர்கள். இலங்கையிற் செவிப்புலனற்றோருக்கும் விழிப்புலனற்றோருக்குமான முதற் பாடசாலை 1912இல் மேரி சப்மன் அம்மையாரால் தென்னிலங்கையிலே தொடங்கப்பட்டது. வடக்கிலே கைதடி நஃபீல்ட் பாடசாலை 1956இல் எழுந்தது. சுன்னாகத்திலே வாழ்வகம் 1988இல், இந்திய இராணுவமும் குண்டுச் சத்தமும் சூழ்ந்திருந்த ஆண்டில், தோன்றியது. உளவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்குக் கோண்டாவிலிற் சிவபூமிப் பாடசாலை இருக்கிறது. இவை இல்லாதிருந்தால் மேற்சொன்ன இளைஞருக்கு அந்தப் பதினேழு ஆண்டுகளும் விறாந்தையிலேயே கழிந்திருக்கும். ஆனால் பாடசாலை ஒரு பாலத்தின் பாதிதான். மறுபாதியைக் கட்ட வேண்டியது யார் என்ற வினாவைச் சமுதாயம் தன்னிடமே கேட்டுக்கொள்ளவில்லை.

இங்கே யாழ்ப்பாணக் கல்வியின் வரலாற்றைச் சற்று நினைவுகூர்வது தகும். பண்டத்தரிப்பு அவ்வரலாற்றிற் சிறிய இடம் பெற்ற ஊரன்று. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வைத்தியர் ஜோன் ஸ்கடர் 1820 தொடக்கம் இங்கிருந்தே மருத்துவமும் போதனையும் நடத்தினார். அயலிலே வட்டுக்கோட்டையில் 1823இல் செமினரி தோன்றியது. உடுவிலில் 1824இல் பெண்கள் விடுதிப் பாடசாலை தோன்றியது. அன்றிலிருந்து இக்குடாநாட்டில் ஒரு பிள்ளை பள்ளிக்குப் போகும்போதே 'அதன்பின் என்ன?' என்ற கேள்விக்கு விடை தயாராயிருந்தது. கொழும்பிலே லிகிதர், மலாயாவிலே புகையிரதப் பகுதி, பின்னர் வைத்தியர், பொறியியலாளர், இன்று கனடா. கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும் என்று நம்மவர் பழமொழியே கட்டினர். படிப்பைப் படிப்புக்காகவே விரும்பிய சமுதாயம் என்று நம்மைப் பற்றி நாம் சொல்லிக்கொள்வது பெரும்பாலும் கற்பனை. உத்தியோகத்துக்காகவே படித்தோம், படிப்பித்தோம். அத்தகைய சமுதாயம் ஊனமுற்ற பிள்ளையை மட்டும் 'படித்தாலே போதும்' என்று மேடையேற்றிப் புகழ்வதன் பொருள் யாது? அப்பிள்ளையிடம் அது எதையும் எதிர்பார்க்கவில்லை என்பதுதான். அளவுகடந்த புகழ்ச்சிக்குள் அளவுகடந்த அலட்சியம் ஒளிந்திருக்கிறது.

பொருளாதார அடிப்படையைக் காணாமல் இதனை விளங்கிக்கொள்ள முடியாது. தோட்டமும் கைத்தொழிலும் குடும்ப அலகிற் சுழன்ற காலத்திற் காலில்லாதவர் அமர்ந்தபடி புகையிலை கோர்த்தார்; பார்வையற்றவர் கயிறு திரித்தார். அதனைப் பொற்காலமென்று கொண்டாடுதல் மடமை. சாதிக்கொடுமையும் பசியும் அவ்வேலையோடு கூடவே இருந்தன. ஆயினும் வேலை இருந்தது. கூலியுழைப்பு நேரத்தாலும் வேகத்தாலும் அளக்கப்படும் முறை வந்தபின் 'சராசரித் தொழிலாளி' என்றோர் அளவுகோல் பிறந்தது. அவ்வளவுகோலுக்குப் பொருந்தாத உடல் தகுதியற்ற உடலாயிற்று. பிரித்தானியாவில் 1970களில் விக் ஃபிங்கெல்ஸ்ரைன், போல் ஹண்ட் முதலிய ஊனமுற்ற சிந்தனையாளர்கள் தமக்கென ஒரு சங்கம் அமைத்து, உடலிலுள்ள குறை வேறு, சமுதாயம் அதன்மேற் சுமத்தும் முடக்கம் வேறு என்று வகுத்துக் காட்டினர். அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னரே சோவியத் உளவியலறிஞர் வைகோட்ஸ்கி, பார்வையின்மையால் விளையும் தாழ்வு சமுதாய உறவுகளிலேயே உருவாகிறது என்று எழுதியிருந்தார். படி இல்லாத கட்டிடத்திற் சக்கர நாற்காலிக்காரர் முடவரல்லர். இந்த எளிய உண்மையை நம் வாழ்த்துரைகள் ஏற்பதில்லை. அவற்றுக்கு 'இருள்' தேவைப்படுகிறது, வெல்வதற்காக.

நம் பாடநூல்களும் மேடைகளும் ஹெலன் கெல்லரை நடத்தும் விதம் இதற்குத் தக்க சான்று. எழுதுபவர் அனைவரும் 1887ஆம் ஆண்டுக்குப் போகிறார்கள். நீர்க்குழாயடியிலே ஆசிரியை அன் சலிவன் சிறுமியின் உள்ளங்கையில் எழுத்துக்களை எழுதுகிறார். சிறுமிக்கு மொழி பிறக்கிறது. உருக்கமான காட்சிதான். ஆனால் அப்போது அவருக்கு ஆறு வயது. அவர் 1968 வரை வாழ்ந்தார். 1904இல் பட்டம் பெற்றார். 1909இல் அமெரிக்க சோசலிசக் கட்சியில் உறுப்பினரானார். 1912இல் தாம் சோசலிசவாதியானது எவ்வாறு என்று கட்டுரை எழுதினார். வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர் பக்கம் நின்றார். தொழிற்சாலையின் பாதுகாப்பின்மையும் வறுமையும் பலரைக் குருடராக்குகின்றன என்று கண்டபோதே அவர் அரசியலுக்கு வந்தார். அதுவரை அவரைப் போற்றிய 'புரூக்ளின் ஈகிள்' பத்திரிகை, அவர் சோசலிசவாதியானதும், அவருடைய கருத்துப் பிழைகளுக்கு உடற்குறையே காரணம் என்று எழுதியது. அவரும் கூர்மையாகவே பதில் கொடுத்தார். இந்தப் பகுதி எதுவும் நம் மாணவர் கைக்கு வருவதில்லை. பள்ளிக்குப் பின் அவர் வாழ்ந்த வாழ்வு முழுவதும் வெட்டியெறியப்பட்டு, ஆறு வயதுச் சிறுமி நீர்க்குழாயடியிலேயே நிறுத்தப்பட்டிருக்கிறாள். நம் இளைஞர் விறாந்தையில் நிறுத்தப்பட்டிருப்பது போல.

தமிழ் மரபும் இவ்விடத்திற் சோதனைக்குரியது. குறளின் ஆள்வினையுடைமை அதிகாரத்தில் 'பொறி' என்றொரு சொல் வருகிறது. பரிமேலழகர் அதற்கு விதி என்று உரை கண்டார். பிற்காலத்தார் சிலர் உடலுறுப்பு என்று கொண்டனர். இரண்டாவது பொருளே இன்று ஊனமுற்றோருக்கான மேடைகளில் முழங்குகிறது. உறுப்புக் குறை பழியாகாது என்ற அளவில் அது நன்று. ஆனால் அக்குறளின் பிற்பகுதி முயற்சியின்மையைப் பழியாக்குகிறது. மேடையிலே அதனை ஊனமுற்றவர் பக்கமே திருப்புகிறார்கள். 'முயன்றால் முடியும், முயலாததே குற்றம்' என்று சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு உபதேசம் செய்துவிட்டு, அவர் ஏற முடியாத மேடையிலிருந்து பேச்சாளர் இறங்குகிறார். முயற்சியின்மை என்னும் பழி படிக்கட்டுக்குப் பக்கத்திலே சாய்தளம் அமைக்காதவருக்கும் பொருந்தும் அல்லவா?

இன்னொரு மரபு அந்தகக்கவி வீரராகவ முதலியாருடையது. பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்த அவர் முதுகில் எழுதிக் காட்டச் சொல்லி எழுத்துக் கற்றாரென்றும், கடல் கடந்து யாழ்ப்பாணம் வந்து பரராசசேகர மன்னனிடம் பரிசில் பெற்றாரென்றும் கர்ணபரம்பரைக் கதைகள் உண்டு. கதையை எவ்வளவு நம்புவது என்பது ஒருபுறமிருக்க, அதிலே நமக்கு வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. அந்தகக்கவிக்குத் தொழில் இருந்தது. பாடுவது அன்று ஒரு பிழைப்பு. அதற்குக் கூலி தரும் சபைகள் இருந்தன. அவர் மேதை என்பதும் உண்மை. மேதைகளுக்கு எக்காலத்திலும் ஏதேனும் ஒரு சபை கிடைத்துவிடுகிறது. வினா மேதையல்லாதவரைப் பற்றியது. கண்ணுள்ள மாணவர் மூன்று பாடத்திலும் சாதாரண சித்தி பெற்றால் முச்சக்கரவண்டி ஓட்டலாம், கடையிற் கணக்கு எழுதலாம், கடன்பட்டுப் பிரான்சுக்குப் போகலாம். எவரும் அவரைச் சாதனையாளரென்றும் சொல்லார், வீணரென்றும் சொல்லார். பார்வையற்ற மாணவர் சாதாரண சித்தி பெற்றால் அவருக்கு ஓர் இடமும் இல்லை. 'சாதனை'ச் செய்தி புகழ்வது ஒருவரை. அதன் நிழலில் மறைப்பது நூறுபேரை. சாதாரணராக இருக்கும் உரிமையை ஊனமுற்றோருக்கு நாம் இன்னும் வழங்கவில்லை.

சட்டம் இல்லையா என்று கேட்கலாம். உண்டு. 1988இன் பொது நிருவாகச் சுற்றறிக்கை அரச, கூட்டுத்தாபன வேலைகளில் நூற்றுக்கு மூன்று இடங்களை ஊனமுற்றோருக்கு ஒதுக்கச் சொல்கிறது. தகைமை இருக்க வேண்டும், ஊனம் கடமைக்கு இடையூறாகாதிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உடன் வருகிறது. இடையூறு எது என்பதைத் தீர்மானிப்பவர் யார் என்பதிலேதான் சூட்சுமம் இருக்கிறது. 1996இன் 28ஆம் இலக்கச் சட்டம் கல்வியிலும் வேலையிலும் பாரபட்சம் காட்டலாகாது என்றது. 2006இல் பொதுக் கட்டிடங்களுக்கான அணுகுவசதி ஒழுங்குவிதிகள் வந்தன. அவை தாளிலே உறங்கியபோது, சக்கர நாற்காலியில் வாழ்ந்த அஜித் பெரேரா உயர் நீதிமன்றம் சென்று 2011 ஏப்ரலில் அவற்றை நடைமுறைப்படுத்தும் கட்டளை பெற்றார். 2016இல் இலங்கை ஐக்கிய நாடுகள் சமவாயத்தை ஏற்று உறுதிசெய்தது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்கு 8.7 பேருக்கு ஏதோ ஒரு செயற்பாட்டுச் சிரமம் இருக்கிறது. இவ்வளவு பேருக்கு இவ்வளவு சட்டம். இதற்கிடையிற் பெயரையும் நான்கு முறை மாற்றிவிட்டோம்: அங்கவீனர், வலுவிழந்தோர், விசேட தேவையுடையோர், மாற்றுத்திறனாளிகள். பெயர் மாற்றம் இழிவைக் குறைக்குமாயின் வரவேற்போம். ஆனால் பெயர்ப்பலகையை மாற்றிய பல அலுவலகங்களின் வாயிற்படி பழைய உயரத்திலேயே இருக்கிறது.

பள்ளிக்குப் பின்னுள்ள வாழ்வை முன்கூட்டியே திட்டமிடுதல் என்பது ஆகாயக் கோட்டையன்று. அமெரிக்கா தன் தொழிலாளருக்கும் பிற நாட்டு மக்களுக்கும் இழைக்கும் அநீதிகளை நம் வாசகர் அறிவர். ஆயினும் நல்லதை எவரிடத்தும் கற்கலாம். அங்கே 1975இல் ஊனமுற்ற பிள்ளைகள் அனைவருக்கும் பொதுக் கல்வி உரிமையாக்கப்பட்டது. பதினைந்து ஆண்டுகளின் பின், படித்த பிள்ளைகள் வீட்டிலே முடங்கிக் கிடப்பதைக் கண்டு, 1990இல் சட்டத்தைத் திருத்தினர். மாணவருக்குப் பதினாறு வயதாகும்போதே, பள்ளி விட்டபின் எங்கே வாழ்வது, என்ன தொழில், என்ன மேற்படிப்பு, எவ்வாறு பயணம் செய்வது என்பவற்றைப் பாடசாலை எழுத்திலே திட்டமிட வேண்டும். திட்டமிடும் கூட்டத்தில் மாணவரும் அமர வேண்டும். அங்கும் அது சரிவர நடப்பதில்லை என்பது வேறு விஷயம். ஆனால் கடமை பாடசாலையுடையது என்று சட்டம் சொல்கிறது. நம்மிடம் அக்கடமை தாயின் தலையிலே இருக்கிறது.

நம் பாடசாலைகள் என்ன செய்யலாம்? முதலில் தொழிற்பயிற்சி என்ற பெயரில் நடப்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். உலகெங்கும் பார்வையற்றோருக்குப் பிரம்பு பின்னலும் தும்புத்தடி கட்டுதலும் கால்மிதி நெய்தலும் கற்பிக்கப்பட்டன. பிரம்புக் கதிரைகள் வீடுதோறும் இருந்த காலத்தில் அதிலே நியாயமுண்டு. பிளாஸ்ரிக் கதிரை வந்து அந்தச் சந்தையைக் கொன்றுவிட்டது. இறந்த தொழிலைக் கற்பித்துவிட்டு, வாங்குவாரில்லை என்று கண்காட்சி வைத்து இரக்கத்தை விற்கிறோம். செவிப்புலனற்ற பெண்பிள்ளைக்குத் தையல் என்பதும் இத்தகைய பழக்கமே. அவளுக்குத் தையலில் விருப்பமிருந்தால் நன்று, கேட்டவர் யார்? கேட்பதற்குச் சைகைமொழி தெரிந்தவர் எத்தனை பேர் நம் ஆசிரியரிடையே இருக்கிறோம்?

இன்றைய நிலையிலே கருவிகள் மலிந்திருக்கின்றன. அவுஸ்திரேலியாவிற் பார்வையற்ற இளைஞர் இருவர், மைக்கேல் கரனும் ஜேம்ஸ் டேயும், 2006இல் கணினித் திரையை வாசித்துக் காட்டும் ஒரு மென்பொருளை உருவாக்கி உலகுக்கு இலவசமாகவே கொடுத்தனர். அது தமிழையும் வாசிக்கும். கைப்பேசிகளும் தமிழ் பேசுகின்றன. லூயி பிறெயில் 1829இல் புள்ளியெழுத்தை வெளியிட்டபோதும் அவர் பார்வையற்ற இளைஞரே என்பதை இங்கே நினைக்கலாம். கருவியைத் தேவைப்பட்டவரே ஆக்கினர், இரங்கியவர்கள் அல்லர். ஆனால் கணிதமும் விஞ்ஞானமும் வேண்டிய பிள்ளைக்குப் புள்ளியெழுத்திலே நூல் கிடைப்பது அரிதாதலால், விருப்பம் எதுவாயினும் கலைப்பிரிவே கதி என்ற நிலை தொடர்கிறது. கலைப்பட்டதாரிகள் கண்ணிருந்தும் வேலையின்றி வீதியில் இறங்கிப் போராடும் நாட்டிலே, பார்வையற்ற பட்டதாரி அந்த வரிசையின் கடைசியில் நிற்கிறார்.

செய்யத்தக்கவை பெரும் பணம் வேண்டாதவை. ஒன்பதாம் வகுப்பிலிருந்தே ஆண்டுக்கு இருமுறை மாணவரும் பெற்றோரும் ஆசிரியரும் கூடி அடுத்த அடியைப் பேசலாம். விடுமுறைக்கு வரும் பிள்ளையை ஊர் வீதிகளில் நடக்கப் பழக்கலாம். வங்கிப் படிவம் நிரப்புதல், பேருந்திலே தனியே யாழ்ப்பாணம் போய்வருதல், அடுப்பு மூட்டித் தேநீர் வைத்தல், தனக்கு என்ன உதவி வேண்டும் என்பதைக் கூச்சமின்றிக் கேட்டல் ஆகியவை எந்தப் பாடவிதானத்திலும் புள்ளி பெறாதவை. வாழ்க்கையிலே முதற்புள்ளி பெறுபவை. ஊர்க் கூட்டுறவுச் சங்கமும் நூலகமும் ஓரிரு மாதம் வேலைப் பழக்கம் கொடுக்கலாம். பெண்பிள்ளைகள் விடயத்தில் தடை இரட்டிப்பு. 'வெளியே போனால் என்னாகுமோ' என்னும் அச்சம் பொய்யன்று. அந்த அச்சத்தைப் போக்கும் பொறுப்பைத் தாயிடம் விடாது ஊரும் ஆசிரியர் சங்கமும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இங்கே ஒரு சிறு விலகல். புலம்பெயர்ந்த நம் உறவினர் பிறந்தநாளுக்கும் நினைவுநாளுக்கும் விசேட தேவையுடைய பிள்ளைகளின் இல்லங்களுக்கு ஒருவேளை உணவு வழங்குகின்றனர். மனம் நல்லது, குறைகூறும் உரிமை நமக்கில்லை. ஆனால் சோற்றுக்கு முன் பிள்ளைகள் வரிசையாக நின்று படம் பிடிக்கப்பட வேண்டியிருக்கிறது. அவ்வுணவின் செலவிலே ஒரு பிள்ளைக்கு ஒரு மாதப் பயிற்சிக்கான பேருந்துக் கட்டணமும் துணை செல்வோரின் கூலியும் அடங்கும். அதனைப் படம்பிடிக்க முடியாது. வேலைக்குப் போகும் மனிதர் படத்தில் எல்லோரையும் போலவே இருப்பார்.

போரையும் மறக்க முடியாது. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் தென்மராட்சி நோக்கி ஓரிரவில் நடந்ததைப் பலர் எழுதினர். நடக்க இயலாதோர் எப்படிப் போயினர் என்பதை எழுதியவர் மிகச் சிலர். 2009 வரை செல்லும் கண்ணியும் பறித்த கால்களும் கண்களும் இன்று நடுவயதை அடைந்துள்ளன. அவர்களுட் பலர் பள்ளி மாணவராயிருந்தபோதே காயமுற்றவர்கள். அவர்களைப் பற்றிய எழுத்தும் இருவகையாகவே நிற்கிறது: ஒன்று வீரம், மற்றது பரிதாபம். மாதச் சம்பளம் என்ற மூன்றாவது பொருள் இலக்கியத்துக்கு உகந்ததாகத் தோன்றவில்லை போலும். யதார்த்தவாதம் பேசும் நம் எழுத்தாளர்களை இவ்விடத்தில் வினவ வேண்டியிருக்கிறது. ஊனமுற்ற பாத்திரம் ஒன்று கதையில் வந்தால் அது குறியீடாகவோ சாபமாகவோ இரக்கத்துக்குரிய பொருளாகவோ நிற்பது எதனால்? தேநீர்க்கடையிற் கடன் சொல்லும், சம்பளவுயர்வு கேட்கும், காதலிற் பொய்யுரைக்கும் ஒரு பார்வையற்றவரை நம் புனைகதை எப்போது சந்திக்கப் போகிறது?

அந்த இளைஞரைப் பற்றிச் சொல்லி நிறுத்துகிறோம். சனிக்கிழமைகளில் அவரோடு வீட்டிலிருந்து சந்தி வரை நடந்து வருகிறோம். முதல் வாரம் ஒரு மணித்தியாலம் ஆயிற்று. இப்போது இருபத்தைந்து நிமிடம். வழியிலே நான்கு மதகுகள். மூன்றாவதன் பக்கத்து வாய்க்காலுக்கு மூடியில்லை. அங்கே ஒருமுறை அவருடைய கால் இறங்கிற்று, காயம் பெரிதன்று. கண்ணுள்ள நாமும் இத்தனை ஆண்டு அவ்வழியாற் போய்வந்தும் அந்த வாய்க்காலைக் கவனித்ததில்லை. மூடி போடுமாறு உரியவர்களுக்குக் கடிதம் எழுதத் தீர்மானித்தோம். அதை நாம் எழுத வேண்டாமென்று அவர் தடுத்து, தம் கைப்பேசியிலே தாமே தட்டெழுதி அனுப்பினார். இரண்டு எழுத்துப் பிழைகள் இருந்தன. பதில் இன்னும் வரவில்லை. அடுத்த சனிக்கிழமை நேரிற் போய்க் கேட்பதென்று சொல்லியிருக்கிறார்.